வாய் வைக்காத தட்டு

ரிப்பேர் எல்லாம் இல்லை கண்ணு. நன்றாக ஓடுகிற ஓவன்தான். அப்புறம் ஏன் சும்மா தூக்கிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்கிறாய் பார், அதைச் சொல்லத்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. நான் எதைச் சொன்னாலும் தப்பாகச் சொல்லிவிடுவேன். என் தங்கச்சியிடம் சொன்னேன், அழ வேண்டிய இடத்தில் சிரித்தாள். எதிர் வீட்டு அக்காவிடம் சொன்னேன், அவள் என் மருமகனைத் திட்டிவிட்டுப் போனாள். அந்தப் பையன் மேல் ஒரு தப்பும் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், முன்னே எது பின்னே எது என்று அடுக்கிச் சொல்ல வராது. நீ மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்தவள். எங்களை உனக்குத் தெரியாது. நீயாவது கேட்டு நியாயம் சொல்லு. டீயைக் குடி, ஆறிவிடும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். நான் வாய் வைக்கவில்லை. சத்தியமாக வாய் வைக்கவில்லை. எது எங்கே என்று பிறகு புரியும், இதை மட்டும் மனசில் வைத்துக்கொள்.

எனக்கு ஒரே பெண். ரேணுகா. பெங்களூரில் கம்பெனி வேலை. கூட வேலை பார்த்த பையனையே கட்டிக்கொண்டாள். நாகர்கோவில் பக்கம், பெயர் ஆல்ட்ரின். வேறு சாதி, வேறு சாமி. எங்கள் வீட்டுக்காரர் லேத் பட்டறை வைத்திருக்கிறாரே, பார்த்திருப்பாய், அதிகம் பேசாத மனுஷன். அன்றைக்கு இருந்த கொஞ்சப் பேச்சையும் நிறுத்திவிட்டார். தலை தீபாவளிக்குக் கூப்பிடவில்லை. மாப்பிள்ளைக்குக் கோழி அடித்து விருந்து வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயம் கண்ணு. தாலி கட்டினால் மட்டும் மாப்பிள்ளை இல்லை, மாமனார் வீட்டில் கோழிக்கறி தின்றால்தான் மாப்பிள்ளை. நாலு வருஷம் அப்படியே போயிற்று. ரேணு எனக்கு மட்டும் போன் பண்ணுவாள், அவர் பட்டறைக்குப் போன பிறகு.

போன புரட்டாசியில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்தது. ரேணு அனுப்பிய இந்த ஓவன்தான். "அம்மா, புரட்டாசி முடியட்டும், நாங்க ரெண்டு பேரும் வர்றோம். அவரு ஓவன்ல முழுக்கோழி நல்லாச் செய்வாரு. அப்பா எங்களுக்குக் கோழி அடிக்கலைன்னா பரவால்ல, நாங்க வந்து அப்பாவுக்குச் செஞ்சு போடறோம். கேட்டுச் சொல்லு" என்றாள்.

கேட்டுச் சொல்லு என்றால்? எனக்குக் கேட்கத் தைரியம் வந்தால்தானே. பெட்டி நடுக்கூடத்திலேயே கிடந்தது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு போவார், வருவார். ஒரு நாள் பட்டறையிலிருந்து வரும்போது கையில் ஒரு பவர் பிளக், ஒயர், ஸ்க்ரூ டிரைவர். சமையல்கட்டுச் சுவரில் துளை போட்டார். "சாதா பிளக்குல இதச் சொருகினா ஒயர் எரிஞ்சு போகும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவுதான். அவர் மனசு வாயில் இருக்காது கண்ணு, ஸ்க்ரூ டிரைவரில்தான் இருக்கும். நான் கொல்லைப் பக்கம் போய் ரேணுவுக்குப் போன் பண்ணினேன். "அப்பா பிளக் வெச்சுட்டாரு அம்மணி, வந்துருங்க" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அழுதிருக்கிறாள்.

கோழி வாங்கப் போன கதையைக் கேள். கறிக்கடை பாய் எனக்குப் பல வருஷப் பழக்கம். முழுசாகத் தோலோடு, வெட்டாமல் வேண்டும் என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறார். "என்னக்கா, முச்சந்தியில வெக்கவா? யார் மேல கோவம்?" என்றார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். "மருமகன் வர்றாரு பாய்" என்றேன். "மருமகனுக்கு வெட்டாமக் குடுத்தா அவரு என்ன முழுசா முழுங்குவாரா?" என்று கேட்டுக்கொண்டே பழக்க தோஷத்தில் கத்தியை ஓங்கி ஒரே போடு, கழுத்து போய்விட்டது. நான் போட்ட சத்தத்தில் அவரே பயந்துபோனார். கழுத்துதான் போயிற்று, மற்றதெல்லாம் முழுசாக இருந்தது. கழுத்துதான் நான் தின்கிற துண்டு. சகுனம் சரியில்லை என்று அப்போதே எனக்குப் பட்டது. யாரிடம் சொல்வது?

எங்கள் வீட்டுக்காரருக்கு வேறு, நாட்டுக்கோழி இல்லை என்று குறை. "பிராய்லர் கறி பஞ்சு" என்றார். ரேணு நாட்டுக்கோழி ஓவனில் ரப்பராகிவிடும் என்று சொல்லியிருந்தாள். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று ராத்திரி முழுக்கப் புரண்டேன். கடைசியில் சொல்லவே இல்லை.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார்கள். இவர் வாசலில் நின்று, "பஸ்ஸு கூட்டமா?" என்று கேட்டார். ரேணுவைப் பார்த்தும் கேட்கவில்லை, அந்தப் பையனைப் பார்த்தும் கேட்கவில்லை, பொதுவாகக் கேட்டார். "கூட்டந்தான் மாமா" என்று அந்தப் பையன் சொன்னான். மாமா என்றான்.  இவர் உள்ளே போய் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

ரேணு பையைத் திறந்து நாலு எவர்சில்வர் தட்டு எடுத்தாள். புதுத் தட்டு. ஒவ்வொன்றிலும் விளிம்பில் பெயர் வெட்டியிருந்தது. அப்பா பெயர் நாச்சிமுத்து, ஆல்ட்ரின், ரேணுகா, அப்புறம் என் பெயர், வசந்தாமணி. பாத்திரத்தில் பெயர் வெட்டினால் கொடுத்தவர்கள் பெயரைத்தானே வெட்டுவார்கள்? சீர் செய்தவர்கள் பெயர் இருக்கும், மொய் வைத்தவர்கள் பெயர் இருக்கும். தின்கிற ஆள் பெயரை யாராவது வெட்டுவார்களா? கேட்டால், "உனக்குன்னு ஒரு தட்டு இந்த வீட்டுல இருந்து நான் பாத்ததில்லம்மா" என்றாள். எனக்கு எதற்குத் தட்டு? எல்லாரும் சாப்பிட்ட பிறகு அவர் தட்டிலேயே போட்டுச் சாப்பிட்டுவிடுவேன். கழுவுகிற தட்டு ஒன்று மிச்சம். இதையெல்லாம் அவள் கவனித்துக்கொண்டா இருந்தாள்?

அந்தப் பையன் சமையல்கட்டுக்குள் வந்துவிட்டான். எங்கள் வீட்டில் ஆம்பிளை சமைக்க அடுப்படிக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. எனக்கு எங்கே நிற்பது என்றே தெரியவில்லை. நெய்யில் மிளகும் உப்பும் குழைத்தான். தோலுக்கும் கறிக்கும் நடுவில் விரலை விட்டு, பச்சைக் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி தடவினான். வயிற்றுக்குள் சின்ன வெங்காயமும் பூண்டும் எலுமிச்சம்பழமும் அடைத்தான். "அத்தை, நூல் இருக்கா?" என்றான். பூக்கட்டுகிற நூல் கொடுத்தேன். இரண்டு காலையும் சேர்த்துக் கட்டப் போனான் பார், நான் நூலைப் பிடித்துக்கொண்டேன்.

"காலச் சேத்துக் கட்ட வேண்டாம் தம்பி. செத்தவங்களுக்குத்தான் அப்படிக் கட்டுவாங்க."

"கோழியும் செத்துத்தானே அத்தை இருக்கு?" என்றான்.

ரேணு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கூடத்திலிருந்து அவர், "என்ன அங்க சத்தம்?" என்றார். கோபமாக இல்லை. சேர்ந்துகொள்ள ஆசைப்பட்டுக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

ஓவனைத் தொடும்போது நான் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் தொட்டேன். கரண்ட் ஆயிற்றே. உள்ளே லைட் எரிந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தால் கோழி மெதுவாகப் பொன்னிறமாகிறது. தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஆனால் உப்பு எப்படிப் பார்ப்பது என்ற கவலை வேறு. குழம்பு என்றால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கலாம். இதில் எதை நக்குவது? அதனால்தான் சொல்கிறேன் கண்ணு, அன்றைக்கு எதையும் நான் வாயில் வைக்கவே இல்லை. ருசிகூடப் பார்க்கவில்லை. அவர் இரண்டு தடவை தண்ணீர் குடிக்க வந்தார். தண்ணீர்க் குடம் கூடத்தில்தான் இருக்கிறது. வாசனைக்கு வந்தார்.

மத்தியானம் தரையில் பாய் விரித்தோம். நடுவில் கோழி, சுற்றி நாலு தட்டு. நான் வழக்கம்போல நின்றுகொண்டிருந்தேன். ரேணு கையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரும்மா. இதுல பரிமாற என்ன இருக்கு? அவங்கவங்க பிச்சுக்க வேண்டியதுதான்." அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். உட்கார்ந்தேன். கல்யாணப் பந்திக்குப் பிறகு அவரோடு சேர்ந்து நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டேன்.

உனக்கு இது புரியாது, நீ சின்னப் பெண். குழம்பு என்றால் கரண்டி நம் கையில் இருக்கும். எந்தத் துண்டு யாருக்கு என்று நமக்கு மட்டும்தான் தெரியும். காலில் ஒன்று அவருக்கு மத்தியானம், இன்னொன்றையும் எடுத்து மூடி வைத்து ராத்திரிக்கு அவருக்கே. ரேணுவுக்கு ஈரலும் இறக்கையும். சின்ன வயசில் கால் வேண்டும் என்று அழுவாள். "பொட்டப்புள்ள காலு தின்னா ஓடிப் போயிருவா" என்று சொல்லி அடக்குவேன். ஒரு கால்கூடத் தின்னாமலே ஓடிவிட்டாள், அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது, கரண்டி கையில் இருக்கிறவரைக்கும் சண்டை வராது. முழுக்கோழியை நடுவில் வைத்தால் இரண்டு காலும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. அதை எங்கே ஒளிப்பது?

அவர் கத்தியை எடுத்தார். ஒரு நிமிஷம் வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் கைப்பிடியைத் திருப்பி அந்தப் பையனிடம் நீட்டி, "நீங்களே அறுங்க மாப்பிள்ள" என்றார்.

மாப்பிள்ளை என்றார் கண்ணு. நாலு வருஷம் கழித்து. ரேணு குனிந்துகொண்டாள்.  அங்கேயே எழுந்து போய் சாமி படத்துக்கு விளக்கேற்றியிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். உட்கார்ந்தே இருந்துவிட்டேன்.

அந்தப் பையன் அழகாகக் காலை அறுத்தான். ஆவி பறந்தது. அதை எடுத்து என் தட்டில் வைத்தான்.

"எங்க வீட்ல சமைச்சவங்களுக்குத்தான் அத்தை முத துண்டு."

சமைத்தது அவன். நான் நூல் எடுத்துக் கொடுத்தேன், செருப்பு போட்டுக்கொண்டு ஓவன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் வைத்தான். நல்ல பையன். தப்பு சொல்ல முடியாது.

 அவர் தட்டு காலியாக இருக்கிறது, என் தட்டில் கால் இருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருந்ததா? இப்போது யோசித்தால் சரியாக ஞாபகம் வரவில்லை. சிரிக்கப் போனார் என்று ரேணு சொல்கிறாள். இருக்கலாம். நான் அதுவரைக்கும் பொறுக்கவில்லை. சட்டென்று அந்தக் காலை எடுத்து அவர் தட்டில் வைத்துவிட்டேன்.

அவர் தட்டைப் பார்த்தார். "என்ன இது? உன்ற எச்சத் தட்டுலிருந்தா எடுத்து எனக்கு வெக்கற?"

"ஏனுங்க, நான் இன்னும் வாயே வெக்கலைங்க."

"மாப்பிள்ள முன்னால பொண்டாட்டி எச்சிலத் திங்கச் சொல்றயா?"

இதுதான் கண்ணு, இதைத்தான் உன்னிடம் கேட்கிறேன். எச்சில் என்றால் என்ன? வாய் வைத்தால் எச்சில். கை வைத்துப் பிசைந்தால் எச்சில். கழுவித் துடைத்த புதுத் தட்டு, அதில் நான் ஒரு பருக்கைகூடத் தின்னவில்லை. அது எப்படி எச்சில் தட்டு ஆகும்? எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன். தங்கச்சி, தட்டில் விழுந்தாலே எச்சில்தான் என்கிறாள். எதிர் வீட்டு அக்கா, வாய் வைக்காதவரைக்கும் இல்லை என்கிறாள். ஒருத்தரும் அடித்துச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். சரி, நீ சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, மிச்சத்தையும் கேள்.

அந்தப் பையன், "மாமா, தப்பு என்னோடது" என்று இன்னொரு காலை அறுக்கப் போனான். இவர், "உங்க மேல ஒண்ணுமில்ல மாப்பிள்ள. இவளுக்குத்தான் ஒரு வெவரமும் கெடையாது. நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து கை கழுவப் போனார். தின்னாத கையைக் கழுவினார்.

ரேணு அவர் தட்டிலிருந்து அந்தக் காலை எடுத்து மறுபடியும் என் தட்டில் வைத்தாள்.

"சாப்பிடும்மா."

"எனக்குக் காலு பிடிக்காது அம்மணி. நான் கழுத்துதான் தின்பேன், உனக்குத் தெரியாதா?"

"ஒரு தடவையாச்சும் தின்னு பாத்திருக்கியா?"

நான் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன், அவள் திருப்பித் தள்ளினாள்.

"ஒரு வாய் சாப்பிடு. எங்க முன்னால. நீ சாப்பிட்டா நான் ஒரு வாரம் இங்க இருக்கேன். இல்லைன்னா இப்பவே கெளம்பறேன்."

"ரேணு, விடு" என்றான் அந்தப் பையன். அவள் விடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயசில் கால் கேட்டு அழுவாள் என்றேனே, அப்போது பார்ப்பாள் இப்படி. நான் தட்டுக்குக் கையைக் கொண்டுபோனேன், பொய் சொல்லவில்லை. சூடு விரலில் பட்டது. அப்போது பார்த்து அவர் குழாயடியில் ஈரக் கையோடு நிற்கிறார். துண்டு கொடியில் இல்லை. நான்தான் காலையில் துவைக்க எடுத்துப் போட்டிருந்தேன். ஈரக் கையோடு எவ்வளவு நேரம் ஒரு மனுஷன் நிற்பார்? எழுந்து போய் பீரோவிலிருந்து வேறு துண்டு எடுத்துக் கொடுத்தேன். இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா? துண்டு கொடுத்துவிட்டு வந்து உட்காரலாம் என்றுதான் போனேன். திரும்பி வந்தால் ரேணு பையை அடுக்கிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பையன் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கோழியச் சூடா சாப்பிடுங்க அத்தை" என்றான். கண் கலங்கியிருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கோழி நடுவில் அப்படியே ஒற்றைக் காலோடு இருந்தது. சாயங்காலம் எல்லாவற்றையும் பிய்த்து, எலும்பெடுத்து, மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டிவிட்டேன். அந்தக் காலையும் சேர்த்துத்தான். எது எந்தத் துண்டு என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி அவருக்குப் போட்டேன். இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார். "பிராய்லரா இருந்தாலும் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா, அந்தப் பையனும் இவரும் இப்போது நல்ல ராசி. பட்டறைக்கு ஏதாவது புது மிஷின் வந்தால் இவர் அவனுக்குப் போன் பண்ணிக் கேட்பார். தை மாசம் பெங்களூருக்கே போய்விட்டு வந்தார். அங்கேயும் முழுக்கோழி செய்தானாம். முதல் காலை ரேணுவுக்கு வைத்தானாம். "அது அவங்க வீட்டு வழக்கம்" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். கோபமே இல்லை அவருக்கு.

என்னையும் கூப்பிட்டாள். "வந்தா என் பக்கத்துல உக்காந்து சாப்பிடணும். அப்படின்னா வரச் சொல்லுங்க" என்று அவரிடம் சொல்லி அனுப்பினாள். எனக்குப் பயமாகிவிட்டது. மறுபடியும் யாராவது எதையாவது என் தட்டில் வைத்துவிட்டால்? கால்வலி என்று சொல்லிவிட்டேன். இந்தப் பக்கம் அவள் வருவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். எல்லாப் பெண்களும் அம்மாவிடம் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். இவள், "எங்க உக்காந்து சாப்பிட்ட?" என்று கேட்கிறாள். இதெல்லாம் ஒரு கேள்வியா? சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவேன். வைத்த பிறகு கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கே தப்பு நடந்தது என்று தினமும் யோசிக்கிறேன். ஓவன் வந்ததுதான் தப்பு. வெட்டின கோழியாக இருந்திருந்தால் கரண்டி என் கையில் இருந்திருக்கும், ரேணு ஒரு வாரம் இருந்துவிட்டுப் போயிருப்பாள். அதனால்தான் இதை நீ எடுத்துக்கொண்டு போ என்கிறேன். நீ பயப்படாதே, உன் வீட்டுக்காரரும் நீயும் ஒரே தட்டில் சாப்பிடுகிறீர்கள் என்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உங்களுக்கு ஒன்றும் ஆகாது. பவர் பிளக் மட்டும் சுவரிலேயே இருக்கட்டும். அவர் வைத்தது.

இப்போது எல்லாவற்றையும் ஒழுங்கு பண்ணிவிட்டேன். பாயிடம் காலையும் சேர்த்துப் பொடிப் பொடியாக வெட்டச் சொல்லிவிடுகிறேன். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு அடுப்படியில் நின்றுகொண்டே, குழம்புச் சட்டியிலேயே கொஞ்சம் சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிடுகிறேன். அவர் தட்டில்கூடப் போட்டுக்கொள்வதில்லை. நமக்கென்று ஒரு தட்டு முன்னால் இருந்தால்தானே யாராவது வந்து எதையாவது வைப்பார்கள்?

மெதுவாகத் தூக்கு கண்ணு, கண்ணாடிக் கதவு. உள்ளே ஏதோ உருளுகிறதே என்று பார்க்காதே, அது என் தட்டுதான். அதையும் எடுத்துக்கொண்டு போ. பெயர் வெட்டியிருக்கிறது, பரவாயில்லை. சோறு போட்டால் மறைந்துவிடும்.